டைப்ரைட்டர் மேசை: ஆடக்கூடாது, ஆனால் அசையவேண்டும்

டைப் இன்ஸ்டிட்யூட்டில் 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்றும் 'யளனகபக' என்றும் அடித்துப் பழகியவர்களுக்கு அந்த மேசைகளும் நினைவிருக்கும். சாதாரண எழுதும் மேசையைவிடக் குட்டையாக இருக்கும். எழுதும் மேசை 29, 30 அங்குல உயரம் என்றால், டைப் மேசை 26 அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கும். மெஷினின் கீ வரிசைகள் பலகையிலிருந்து சில அங்குலம் மேலே இருப்பதால், அந்த அளவுக்கு மேசையைத் தாழ்த்தினால்தான் தோளைத் தூக்காமல் அடிக்க முடியும். இன்ஸ்டிட்யூட்டுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது மெஷின்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. சில என்னைப் போன்றவர்களின் வீட்டுக்கு வந்தன. மேசைகள் பெரும்பாலும் அடுப்புக்குப் போய்விட்டன. அதனால் பழைய ரெமிங்டனோ கோத்ரெஜோ ஹால்டாவோ வைத்திருப்பவர்கள் மேசையை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

செங்கோட்டையில் இருப்பவருக்கு அதில் ஒரு வசதியும் உண்டு, ஒரு சிக்கலும் உண்டு. வசதி, மரம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் இது. கொல்லத்துக்கு 1904-இலேயே மலையைக் குடைந்து ரயில் போட்டார்கள். மேற்கே ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று மரமும் மழையும் நிறைந்த நாடு. மர மில்களும் மரக்கடைகளும் இங்கே பார்த்துப் பழகிய காட்சி. தேக்கு, அயினி, பலா, வேங்கை எல்லாம் கிடைக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் இடித்த பழைய வீடுகளின் கதவும் உத்திரமும்கூட விலைக்கு வரும். சிக்கல், காற்று. பங்குனியில் உலர்ந்து காயும் இதே ஊரில், ஆனி ஆடியில் கணவாய் வழியாகச் சாரல் வந்து நாள் முழுக்க நனைக்கும். மரத்துக்கு இந்த மாற்றம் சாதாரணமானதல்ல.

முதலில் மெஷின் மேசையை என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

ஒரு கீயை அழுத்தினால் நெம்புகோல்கள் வழியாக ஓர் எழுத்துக்கம்பி எழுந்து, ரிப்பன் மேல் அடித்து, ரோலரில் சுற்றிய தாளில் பதிகிறது. இது எல்லோரும் பார்த்தது. பார்வைக்குப் படாத வேலை பின்பக்கம் நடக்கிறது. ரோலரைச் சுமக்கும் கேரியேஜை ஒரு வார் எப்போதும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த வாரின் மறுமுனை ஒரு சிறிய உருளைப் பெட்டிக்குள் சுருட்டி வைத்த ஸ்பிரிங்கில் இருக்கிறது. தடுக்க ஆள் இல்லையென்றால் கேரியேஜ் ஒரே பாய்ச்சலில் கடைசிவரை ஓடிவிடும். ஆனால் அது ஓர் எழுத்துக்கு ஓர் அடி, அதுவும் துல்லியமாக ஒரே அளவு அடி எடுத்து வைக்கிறது. பைக்கா எழுத்து மெஷினில் அங்குலத்துக்கு 10 எழுத்து, அதாவது ஓர் அடிக்கு 2.54 மில்லிமீட்டர். எலைட் எழுத்தில் அங்குலத்துக்கு 12.

இதைச் சாதிப்பது எஸ்கேப்மென்ட் என்ற அமைப்பு. சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் தட்டுத் தட்டாக விடுவதும் இதே கொள்கைதான். கேரியேஜின் அடியில் பல் வெட்டிய நீண்ட சட்டம் ஒன்று உண்டு. அது ஒரு சிறு பல்சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சில் நட்சத்திரம் போன்ற இன்னொரு சக்கரம். அந்த நட்சத்திரத்தின் பற்களுக்கு நடுவே இரண்டு கொக்கிகள் காவல் நிற்கின்றன: ஒன்று பக்கவாட்டில் அசையாதது, மற்றது சிறிய ஸ்பிரிங் வைத்துப் பக்கவாட்டில் ஆடக்கூடியது. சும்மா இருக்கும்போது ஆடும் கொக்கிதான் பல்லைப் பிடித்திருக்கும். எழுத்துக்கம்பி தாளை நெருங்கும் நேரத்தில் அதன் அடிப்பகுதி ஒரு வளைந்த சட்டத்தைத் தள்ளுகிறது. அது இரண்டு கொக்கிகளையும் சேர்த்து நகர்த்துகிறது. இப்போது பல்லைத் தாங்குவது அசையாத கொக்கி. விடுபட்ட ஆடும் கொக்கி, தன் ஸ்பிரிங் தள்ள, அடுத்த பல் வரும் பாதைக்குத் தாவி நிற்கிறது. விரலை எடுத்ததும் அசையாத கொக்கி விலகும், சக்கரம் சுழலும், அடுத்த பல் ஆடும் கொக்கியில் வந்து மோதி நிற்கும். ஒரு பல், ஓர் அடி, ஒரு 'டக்'.

மெஷினின் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஒரு கீயை மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது கேரியேஜ் கிட்டத்தட்ட நகராது. விடும்போதுதான் நகரும். எழுத்து பதியும் கணத்தில் தாள் அசையாமல் நிற்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. இவ்வளவு நுட்பத்தைத் தகரத்திலும் எஃகிலும் செய்து, பல பத்தாண்டுகள் உழைக்க விட்டார்களே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாகத்தான் இருக்கிறது.

தமிழ் மெஷினில் இதற்கு மேலும் ஒரு நயம் உண்டு. புள்ளிக்கான கீ இந்தக் கொக்கிகளை விடுவிக்காது. அதனால் புள்ளி விழும், கேரியேஜ் அந்த இடத்திலேயே நிற்கும். அடுத்து அடிக்கும் எழுத்து அதே புள்ளியின் கீழே வந்து உட்காரும். 'அம்மா' என்று அடிக்க அ, புள்ளி, ம, ம, கால் என்று 5 தட்டு. கேரியேஜ் நகர்வதோ 4 அடிதான். எழுதும்போது எழுத்துக்குப் பிறகு புள்ளி வைக்கிறோம். மெஷினில் புள்ளிக்குப் பிறகு எழுத்து. கையால் எழுதிப் பழகிய வரிசை மாறுவதால் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் முதல் சில வாரம் இதில்தான் தடுமாறுவார்கள்.

சரி, மேசைக்கு வருவோம். ஆங்கில ஹையர் தேர்வுக்கு நிமிடத்துக்கு 45 சொல். ஒரு சொல்லுக்கு 5 தட்டு என்று கணக்கு. அப்படியானால் நிமிடத்துக்கு 225 தட்டு, விநாடிக்கு ஏறக்குறைய 4. இவையெல்லாம் சின்னச் சின்ன அதிர்வுகள், பெரும்பாலும் மேலும் கீழுமானவை. பலகை கொஞ்சம் தடிமனாக இருந்தால் தாங்கிக்கொள்ளும். உண்மையான சோதனை வரி முடிந்து மணி அடித்த பிறகு வருகிறது. பைக்காவில் 70 எழுத்து ஓடிய கேரியேஜ் 18 சென்டிமீட்டர் இடப்பக்கம் போயிருக்கும். கனமான அந்தப் பகுதியை லீவரைப் பிடித்து ஒரே வீச்சில் வலப்பக்கம் தள்ளுகிறோம்; அது தடுப்பில் போய் மோதி நிற்கிறது. அந்த மோதல் முழுக்கப் பக்கவாட்டு உதை. வரிக்கு ஓர் உதை, மணிக்கணக்காக. (ஸ்பிரிங்குக்கு முறுக்கு ஏறுவதும் இந்தத் தள்ளலில்தான், அடுத்த வரியை இழுக்கும் பலம் நம் இடக்கை கொடுத்தது.)

நான்கு கால் மேசை மேலிருந்து வரும் பாரத்தை எளிதாகத் தாங்கும். பக்கவாட்டு உதைக்கு அதன் பலம் முழுக்க, காலும் பலகைக்கு அடியில் ஓடும் சட்டமும் சேரும் மூலையில்தான் இருக்கிறது. ஆணி மட்டும் அடித்த மூலை சில மாதத்தில் தளர்ந்துவிடும், ஏனென்றால் ஒவ்வோர் உதையிலும் ஆணியைச் சுற்றியுள்ள மரநார் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கும். சட்டத்தின் முனையைச் செதுக்கிக் கழுந்து (துளைக்குள் நுழையும் நாக்கு) எடுத்துக் காலில் துளை போட்டுச் செருகினால், உதையை ஒரு புள்ளிக்குப் பதில் பரந்த மரப்பரப்பு தாங்குகிறது. சட்டத்தை அகலமாக எடுங்கள். ஒரே தடிமனுள்ள சட்டத்தின் உயரத்தை 2 அங்குலத்திலிருந்து 4 அங்குலமாக்கினால் அது வளைய மறுப்பது எட்டு மடங்காகிறது. மூலையில் கழுந்தின் நீளமும் கூடுகிறது. மரச் செலவு இரட்டிப்புதான். வீட்டில் தச்சு செய்பவர்கள் காலைப் பருமனாக்கிவிட்டுச் சட்டத்தில் மிச்சம் பிடிப்பதை நிறையப் பார்க்கிறேன். அது தலைகீழ்.

அப்புறம் மரம். இங்கேதான் சாரல் வருகிறது.

மரத்தின் செல் சுவர்கள் செல்லுலோஸ் நுண்ணிழைகளால் ஆனவை. அந்த இழைகள் பெரும்பாலும் மரம் வளர்ந்த திசையிலேயே, நீளவாக்கில் கிடக்கின்றன. செல்லுலோஸுக்குத் தண்ணீர் மேல் பற்று அதிகம். காற்றில் ஈரம் கூடினால் நீர் மூலக்கூறுகள் இழைகளுக்கு இடையே நுழைந்து அவற்றைப் பக்கவாட்டில் விலக்கும். இழை நீளாது, இழைகளுக்கு இடையே உள்ள தூரம்தான் கூடும். அதனால்தான் பலகை நீளத்தில் ஏறத்தாழ மாறுவதே இல்லை, அகலத்தில் உப்புகிறது. அகலத்திலும் இரண்டு விதம். ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் அசைவு அதிகம். வளையங்களுக்குக் குறுக்கே, மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் ஏறத்தாழ பாதி. மையத்திலிருந்து பரவும் கதிர்ச் செல்கள் அந்தத் திசையில் மரத்தை இழுத்துப் பிடித்திருப்பது இதற்கு ஒரு காரணம்.

தேக்கு குறைவாக அசையும் மரம் என்று பேர் வாங்கியது. அதுவே பச்சையிலிருந்து முழுக்கக் காய்ந்தால் வளையத்தை ஒட்டிய திசையில் 5 முதல் 6 சதவீதம் சுருங்கும். மரத்தின் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் சுருக்கம் தொடங்குகிறது என்பதால், ஒரு சதவீத ஈரத்துக்கு ஏறக்குறைய 0.18 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். காற்றின் ஈரப்பதம் 55 சதவீதத்தை ஒட்டி நிற்கும் உலர்ந்த காலத்தில் மரத்தின் ஈரம் 10 சதவீதம் அளவில் இருக்கும். ஈரப்பதம் 80-ஐத் தொட்டு நாள்கணக்கில் நின்றால் 16-க்கு ஏறும். வித்தியாசம் 6. முன்னிருந்து பின்னாக 45 சென்டிமீட்டர் உள்ள மேசைப் பலகை அப்போது கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் விரியும்.

5 மில்லிமீட்டர் பெரிதாகத் தோன்றாது. ஆனால் பக்கச் சட்டத்தின் நீளவாக்கு அதே முன்பின் திசையில் ஓடுகிறது, அது மாறாது. மாறாத சட்டத்தில் மாறும் பலகையை நாலு பக்கமும் ஸ்க்ரூ போட்டு இறுக்கினால், சாரலில் பலகை முதுகு வளையும் அல்லது ஸ்க்ரூவைப் பிடுங்கும். கோடையில் நடுவே வெடிக்கும். மரம் கொடுத்தவர்தான் ஏமாற்றிவிட்டார் என்று அப்போது சண்டைக்குப் போகிறார்கள். தப்பு அவருடையதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். பக்கச் சட்டத்தின் நடுவில் மட்டும் ஒரு ஸ்க்ரூவை இறுக்கமாகப் போடுங்கள். முன்னும் பின்னும் வரும் ஸ்க்ரூக்களுக்கு வட்டத் துளைக்குப் பதிலாக, முன்பின்னாக நீண்ட துளை எடுத்து, தலைக்கு அடியில் ஒரு வாஷர் போட்டு, அளவாக இறுக்குங்கள். பலகை நடுவிலிருந்து இருபுறமும் இரண்டரை மில்லிமீட்டர் போய்வர இடம் கிடைக்கும். பழைய மேசைகளைக் கவிழ்த்துப் பார்த்தால் ஸ்க்ரூவுக்குப் பதில் சிறு மரக்கட்டைகள், சட்டத்தில் வெட்டிய காடிக்குள் ஒரு காலை நுழைத்துக்கொண்டு பலகையைப் பிடித்திருப்பதைக் காணலாம். அதுவும் இதே வேலைதான். அழகாகவும் இருக்கும்.

பழைய வீட்டு மரம் அசையாது என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. நூறு வருட உத்திரத்தில் உள்ளிறுக்கம் தணிந்திருக்கும், முறுக்கிக்கொள்வது குறையும். வைரம் பாய்ந்த கட்டையாகவும் இருக்கும். ஆனால் செல்லுலோஸ் செல்லுலோஸ்தான். ஈரக்காற்று பட்டால் அதுவும் உப்பும். பழைய மரத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, உள்ளே முறிந்து கிடக்கும் ஆணி. இழைப்புளியை ஓட்டுவதற்கு முன் ஒரு காந்தத்தைப் பலகை முழுக்க நகர்த்திப் பாருங்கள்.

தாளும் ரிப்பனும் வைக்க இழுப்பறை வேண்டுமென்றால் எந்த மாதத்தில் செய்கிறீர்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 10 சென்டிமீட்டர் உயரமுள்ள இழுப்பறைப் பக்கம் மேற்சொன்ன கணக்கில் ஒரு மில்லிமீட்டர் ஏறும். பங்குனியில் செய்தால் மேலே தாராளமாக ஒன்றரை மில்லிமீட்டர் விடுங்கள். ஆடியில் செய்தால் கத்தாமல் நுழைந்தாலே போதும். தையில் தானாகவே இடம் கிடைக்கும். வார்னிஷ் பூசினால் ஈரம் ஏறாதே என்று கேட்கலாம். பூச்சு ஈரத்தைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. அந்தத் தாமதமும் பலகையின் இரு முகத்திலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். மேல்பக்கம் மட்டும் பூசினால் அடிப்பக்கம் முதலில் உப்பி, பலகை கிண்ணமாக வளையும். ஆகவே யாரும் பார்க்காத அடிப்பக்கத்துக்கும் அதே எண்ணிக்கைப் பூச்சு.

மெஷினுக்கு அடியில் ஒரு ரப்பர் பாய் போடுங்கள். மெல்லிய பலகை தட்டுச் சத்தத்தைப் பெருக்கும். ரப்பர் அந்த அதிர்வைப் பலகைக்குப் போகவிடாது. கம்பளித் துணியும் சத்தத்தை அடக்கும்தான், ஆனால் சாரல் காலத்தில் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு மெஷினின் அடித்தகட்டைத் துருப்பிடிக்க விடும். எழுத்துக்கம்பிகள் வரிசையாக அமர்ந்திருக்கும் அந்த வளைந்த பள்ளத்தில் மட்டும் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் தூசியைப் பிடித்துப் பிசினாகி, கம்பிகள் எழுந்தால் இறங்காமல் நிற்கும். அங்கே ஸ்பிரிட்டில் தோய்த்த பிரஷ் போதும். கேரியேஜ் ஓடும் தண்டவாளத்துக்கு மட்டும் ஒரு சொட்டு, துணியில் தொட்டு.