பறித்த பிறகும் மூச்சு விடும் காய்கள்

உணவு வீணாகிறது என்றதும் கல்யாணப் பந்தியில் மூடிய இலைகள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. 2022இல் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில்தான் வீணானது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை. பந்தியை விட்டுவிட்டுக் காய்கறிக் கூடையைப் பார்ப்போம்.

பறித்த காய் உயிரற்றதல்ல. வேரிலிருந்து நீர் வருவது நின்றுபோனாலும், கத்தரிக்காயும் கீரையும் ஆக்சிஜனை இழுத்து, தம்மிடமுள்ள சர்க்கரையை எரித்துக்கொண்டே இருக்கின்றன. கையிருப்பு இருக்கும்வரைதான் காலம். வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் இந்தச் சுவாசம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். மே மாதச் சமையலறையில் காலையில் வாங்கிய கீரை மாலைவரை தாங்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம், பக்கத்தில் இருக்கும் வாழைப்பழம். பழுக்கும் பழங்கள் எத்திலீன் என்ற வாயுவை விடுகின்றன. ரஷ்யாவில் நெலுபோவ் என்பவர் 1901இல், விளக்கெரிக்கும் வாயுவில் கலந்திருந்த எத்திலீன்தான் பட்டாணி நாற்றுகளைக் கோணலாக வளரவைத்தது என்று காட்டினார். பழங்களே அதை உற்பத்தி செய்கின்றன என்பது 1934இல் உறுதியானது. பெயர் தெரியாமலேயே நம்மவர்கள் வாழைத்தாருக்கு மூட்டம் போட்டுப் பழுக்கவைத்தார்கள். அந்தப் புகையிலும் எத்திலீன் உண்டு. வாழை, மா, சப்போட்டா போன்றவற்றில் இந்த வாயு பட்டால் பழமே மேலும் எத்திலீனைச் சுரக்கும். அதனால்தான் ஒரு பழம் கனிந்தால் சீப்பு முழுவதும் அடுத்தடுத்துக் கனிகிறது. அரிசிப் பானைக்குள் புதைத்த சப்போட்டா சீக்கிரம் பழுப்பதும் வாயு வெளியேறாமல் உள்ளேயே தங்குவதால்தான். கீரைக்கும் வெள்ளரிக்கும் இதே வாயு எமன்: பச்சையம் சிதைந்து மஞ்சளாகிவிடும். பழக்கூடையைத் தள்ளி வைப்பதற்குக் காசு செலவில்லை.

எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் திணித்துவிட்டு நிம்மதியாக இருப்பது எனக்கு ஒப்பாத பழக்கம். குளிர் சுவாசத்தைக் குறைக்கும், உண்மைதான்; ஆனால் வெப்ப மண்டலத்துக் காய்களின் செல் சவ்வுகள் கடுங்குளிரில் சேதமடைகின்றன. 13 டிகிரிக்குக் கீழே வாழைப்பழத் தோல் கறுக்கிறது. தக்காளி மணத்தை இழக்கிறது. உருளைக்கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால், வறுத்தால் கருகிய நிறம் வரும். அதற்கு இருட்டும் காற்றோட்டமும் போதும்.

கொத்தமல்லியின் கதை வேறு. அதற்குக் குளிர் வேண்டும், ஈரம் மட்டும் கூடாது. கடைக்காரர் தண்ணீர் தெளித்து, ரப்பர் பேண்டால் இறுக்கிய கட்டை அப்படியே பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்துப் பாருங்கள். நசுங்கிய தண்டுகளுக்கு நடுவே தேங்கிய நீரில் பாக்டீரியா பெருகி, கட்டின் மையம் முதலில் குழகுழத்துப்போகும். கட்டைப் பிரித்து, அழுகிய இலைகளைக் களைந்து, ஈரத்தை உலரவிட்டு, துணியில் சுற்றி டப்பாவில் வைத்தால் நிதானமாகப் பயன்படுத்தலாம். கழுவுவதைச் சமைக்கும்போது வைத்துக்கொள்வது நல்லது.

துவண்ட கீரையை உடனே குப்பையில் போடவும் வேண்டாம். வாடுவது என்பது பெரும்பாலும் செல்களுக்குள் நீர் குறைந்து, அழுத்தம் தளர்வதுதான். தண்டின் நுனியைச் சிறிது வெட்டிவிட்டு அரைமணி நேரம் குளிர்ந்த நீரில் நிறுத்தினால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். மஞ்சளான இலை மட்டும் மீளாது. அதைக் கிள்ளிப் போட்டுவிட்டு மீதியைக் கடையலாம்.