கண்வலிப் பூவும் அறுந்த பாவும்

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் தோட்டத்து வேலியில் செங்காந்தள் தானாக முளைத்துப் படர்ந்திருக்கிறது. மாநில மலராயிற்றே என்று நான் மகிழ்ந்துகொண்டிருக்க, அதை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும், வீட்டில் வைத்தால் சண்டை வரும், வெட்டி எறி என்கிறார் பாட்டி. எது உண்மை?"

பார்ப்பதால் கண் வலிக்காது. கிழங்கை நறுக்கிய கையால் கண்ணைக் கசக்கினால் எரியும். கண்வலிக் கிழங்கு என்ற பெயருக்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். சண்டையைப் பற்றி அறிவியலுக்குச் சொல்ல ஏதுமில்லை. ஆயினும் பாட்டியை நான் எள்ள மாட்டேன். "தொடாதே" என்றால் குழந்தை தொட்டுப் பார்க்கும். "பார்க்காதே" என்றால் அந்தப் பக்கமே போகாது.

புரட்டாசியில் ஏற்காடு அடிவாரத்திலிருந்து மலைப்பாதையில் ஏறுபவர்கள், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் வண்டியை ஓரம் நிறுத்தி உண்ணிச்செடிப் புதரைக் கவனிக்கலாம். காந்தளின் இலை நுனியே மெல்லிய சுருளாக நீண்டு பக்கத்துக் கிளையைப் பற்றியிருக்கும். ஆறு இதழ்களும் சுடர்போல மேல்நோக்கி மடிந்து, மஞ்சளில் தொடங்கி நாளாக நாளாகச் சிவப்பாகும். பூவின் பெண் பாகமான சூல்தண்டு அடியிலேயே ஏறக்குறைய செங்கோணத்தில் ஒடிந்து, தன் மகரந்தம் தன்மேல் படாதபடி விலகி நிற்கும்.

மலையும் முருகனும் இந்தப் பூவோடு சேர்ந்தே நம் இலக்கியத்தில் வருகின்றன. குறுந்தொகையின் முதற்பாடல் இதைக் குருதிப்பூ என்கிறது. வேலன் சாமியேறி ஆடும் வெறியாட்டுக்கே காந்தள் என்று துறைப்பெயர் வைத்தது தொல்காப்பியம். கிழங்கை வாசலில் கட்டினால் பாம்பு அண்டாது என்பதும், அரைத்துத் தொப்புளிலோ உள்ளங்காலிலோ பூசினால் பிரசவம் விரைவாகும் என்பதும் பிற்கால நம்பிக்கைகள். கலப்பைபோல் கவைத்திருப்பதால் கலப்பைக் கிழங்கு. வடமொழியிலும் அதே பொருளில் இலாங்கலி. கருவை அழிப்பது என்று பொருள்படும் பெயரும் அம்மொழியில் உண்டு. பெயரிட்டவர்களுக்கு ஆபத்து தெரிந்திருக்கிறது.

ஆபத்தின் பெயர் கோல்சிசின். செடியின் எல்லாப் பகுதிகளிலும், குறிப்பாகக் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் நஞ்சு இது. இது வேலை செய்யும் விதம் எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத ஒன்று.

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்கள் முதலில் இரட்டித்து நடுவில் வரிசையாக நிற்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அவற்றை இரு பக்கமும் பிரித்து இழுக்கும் கதிர் இழைகளைச் சேலத்துக்காரர்கள் எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம்: தறிக்கு நூலை ஆயத்தம் செய்யும் பாவடியில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இழுத்துக் கட்டிய நீள நூல் வரிசையான பாவு அது. ஒவ்வோர் இழையும் உள்ளீடற்ற நுண்குழல். பக்கத்தில் பக்கமாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டருக்குள் ஏறத்தாழ 40,000 குழல்கள் அடங்கும். இந்தக் குழலை ஆக்கும் கல் டியூபுலின் என்னும் புரதம். ஆல்ஃபா, பீட்டா என்ற இரு மணிகள் ஒட்டிய இரட்டை அது. இரட்டைகள் தலைக்குமேல் தலையாக ஏறி நூலாகி, அத்தகைய 13 நூல்கள் வளையமாகச் சேர்ந்தால் குழல் உருவாகும். அது ஒருபோதும் நிலையாக நிற்பதில்லை. நுனியில் வளர்ந்துகொண்டே போய்த் திடீரெனச் சரிந்து, மறுபடி வளரும். இருட்டில் கைநீட்டித் துழாவுவதுபோல, இப்படி வளர்ந்தும் சரிந்தும்தான் இழைகள் குரோமோசோம்களைத் தேடிப் பிடிக்கின்றன.

தனியே மிதக்கும் இரட்டை சற்று வளைந்திருக்கும். குழலில் ஏறும்போது நிமிர வேண்டும். கோல்சிசின் ஆல்ஃபாவுக்கும் பீட்டாவுக்கும் இடையிலுள்ள பொருத்துவாயில் போய் ஆப்பாக உட்கார்ந்துகொள்கிறது. அதன்பின் அந்த இரட்டையால் நிமிர முடியாது. சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் ஒரு கண்ணி கோணலாக விழுந்தால் அடுத்த கண்ணி அதில் சரியாக ஏறாதல்லவா, அப்படித்தான். செல்லில் உள்ள எல்லா இரட்டைகளையும் கெடுக்க வேண்டிய தேவையே இல்லை; கோணலானவை சில நுனியில் ஏறினாலே குழலின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. பாவு கட்டப்படாமல், இரட்டித்த குரோமோசோம்கள் நடுவிலேயே சிக்கி நிற்கின்றன.

ஆகவே அடிக்கடி பிரியும் செல்களே முதலில் அடிவாங்குகின்றன. கிழங்கைத் தின்றவருக்குச் சில மணி நேரம் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். ஒரு நாளுக்குள் குடலின் உட்பூச்சு சிதைந்து கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அடுத்த நாட்களில் எலும்பு மஜ்ஜை தளர்ந்து இரத்த அணுக்கள் குறையும். பிரியாத செல்களிலும் உட்போக்குவரத்துக்கு இக்குழல்களே தண்டவாளம் என்பதால் இதயமும் சிறுநீரகமும் செயலிழக்கக்கூடும். பிழைத்தவருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் வேளையில், தலைமுடி கொத்துக்கொத்தாக உதிரும். சாப்பிட்டதற்கும் முடி உதிர்ந்ததற்கும் இடையே இத்தனை நாள் இருந்தால், செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஒரு கிராமம் நம்பியதில் வியப்பென்ன?

இதே நஞ்சு 0.5 மில்லிகிராம் மாத்திரையாக, கீல்வாதத்தில் வீங்கிய மூட்டை நோக்கி வெள்ளையணுக்கள் படையெடுப்பதைத் தடுத்து வலியைத் தணிக்கிறது. 1937-ல் பிளேக்ஸ்லீ என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் இதை ஊமத்தைச் செடியில் பயன்படுத்திக் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிக் காட்டினார். முருகனின் பூவிலுள்ள நஞ்சு சிவனின் பூவை மாற்றியது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கரூர், திருப்பூர், திண்டுக்கல், சேலம் மாவட்டங்களில் விதைக்காக இதைப் பயிரிடுகிறார்கள். சூல்தண்டு விலகி நிற்பதால், காலையில் பூப்பூவாகச் சென்று கையாலேயே மகரந்தம் தொட்டுவைக்க வேண்டும். மருந்துத் தொழிலுக்கு விதை கப்பல் ஏறுகிறது. விதையை உடைத்துக் காயவைக்கும் கைகளுக்கு ஆண்டுக்கணக்கில் என்ன நேர்கிறது என்று ஆராய ஒரு சிறு நிதியாவது ஒதுக்கக் கூடாதா என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

வாசகிக்கு வருகிறேன். வீட்டில் சிறு குழந்தையோ ஆடுமாடோ இருந்தால் பாட்டி சொல்வதையே செய்யுங்கள். வள்ளிக்கிழங்கு என்று எண்ணி யாரேனும் தின்றுவிட்டால் வாந்தி வரும்வரை காத்திராமல், முறிமருந்து என்று கடையில் ஏதும் கிடைக்காது என்பதை நினைவில் கொண்டு, மிச்சக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தோண்டும்போது கையுறை அணியுங்கள். கொடியை அறுத்தெறிந்தால் மட்டும் போதாது. கலப்பையின் இரு முனையிலும் குருத்து இருக்கும், ஒன்று மண்ணில் தங்கினாலும் அடுத்த மழைக்கு அதே வேலியில் ஏறி நிற்கும்.