மருந்துப்போலி: சொல்லும் பொருளும்

செயலாற்றும் மருந்துப்பொருள் எதுவும் இல்லாமல், உருவம், நிறம், சுவை, கொடுக்கும் முறை ஆகிய அனைத்திலும் உண்மையான மருந்தை ஒத்திருக்குமாறு செய்யப்படும் குளிசை, பாணி, ஊசி முதலியவற்றை மருத்துவ ஆய்வாளர் பிளசிபோ என்பர். இதற்குரிய தமிழ்ச்சொல் மருந்துப்போலி. யாழ்ப்பாணத்து வகுப்பறைகளில் இதனைப் போலி மருந்து என்று சொல்லிவிடும் வழக்கம் உண்டு. அது தவறு என்பதோடு, மாணவர் மனத்தில் ஒரு விஞ்ஞானக் கருத்தையே தலைகீழாக்கிவிடும் தவறு என்பதனால், சொல்லின் வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டியிருக்கிறது.

பிளசிபோ என்பது 'நான் பிரியமாயிருப்பேன்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினைமுற்று. சங்கீதம் 116 இன் 9ஆம் வசனம் இலத்தீன் வேதாகமத்தில் இச்சொல்லோடு தொடங்குகிறது. எபிரேய மூலத்தை ஒட்டி நம் தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் 'நடப்பேன்' என்கிறது. 'பிரியமாயிருப்பேன்' என்பது கிரேக்க மொழிபெயர்ப்பின் வழியாக இலத்தீனுக்கு வந்தது. இடைக்கால ஐரோப்பாவில் இறந்தோருக்கான மாலை வழிபாட்டில் இவ்வசனம் பாடப்பட்டது. உறவில்லாதவர்களும் கூலிக்காகவோ உணவுக்காகவோ வந்து அதனைப் பாடியமையால், முகத்துதி செய்பவன் என்ற பொருள் சொல்லில் ஏறியது. 1811இல் வெளிவந்த ஆங்கில மருத்துவ அகராதியொன்று, நோயாளிக்குப் பயன்படுவதைவிட அவரை மகிழ்விப்பதற்கே ஏற்ற மருந்து என்று இதற்கு விளக்கம் தந்தது.

ஒப்பிட்டுச் சோதிக்கும் முறை இப்பெயருக்காகக் காத்திருக்கவில்லை. அமெரிக்கரான எலிசா பேர்க்கின்சு 1796இல் காப்புரிமை பெற்ற இரு உலோகக் கோல்களை உடலில் தடவினால் வலி நீங்கும் என்று பலரும் நம்பினர். இங்கிலாந்தின் பாத் நகர மருத்துவர் யோன் ஹேகார்த் 1799இல் அதே தோற்றமுள்ள மரக்கோல்களைச் செய்து ஐந்து நோயாளரிடம் பயன்படுத்தினார். நால்வர் சுகம் கண்டதாகக் கூறினர். அவர்களுக்குச் சுகம் வரவில்லை என்று ஹேகார்த் வாதிடவில்லை. அந்தச் சுகத்துக்கு உலோகம் காரணம் என்ற கூற்றையே அவருடைய சோதனை வீழ்த்தியது. விஞ்ஞானத்தின் இயல்பைக் கற்பிக்க இதனிலும் எளிய நிகழ்ச்சியை நான் கண்டதில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். போலி என்பது போல் என்னும் அடியிற் பிறந்த பெயர். பந்தல் பந்தர் என்றும் அறம் அறன் என்றும் வருவதை இலக்கணம் போலி என்றே அழைக்கிறது. அங்கே அச்சொல்லில் வஞ்சகம் எதுவும் இல்லை; ஒன்றின் இடத்தில் நிற்பது என்பதே கருத்து. மருந்துப்போலி என்று சொல்லும்போது தலைமைச்சொல் போலி. மருந்தை ஒத்தது, ஆனால் மருந்தன்று என்று பொருள்படும். போலி மருந்து என்றால் தலைமைச்சொல் மருந்தாகி, பணத்துக்காக ஏமாற்றி விற்கப்படும் கள்ளச் சரக்கைக் குறிக்கும். முன்னதைப் பயன்படுத்தும் ஆய்வில், தமக்கு அது கிடைக்கக்கூடும் என்று பங்கேற்பவர் அறிந்து சம்மதித்திருப்பார், பின்னது குற்றம். வெற்று மருந்து என்றும் சிலர் எழுதுவர். அதில் வெறுமை தெரிகிறதேயன்றி ஒப்புமை தெரியவில்லை. ஒப்புமை இல்லையேல் ஆய்வே இல்லை.

1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன், இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயரிடவும் தயங்காதவர். ஆகவே பிளசிபோ என்று ஒலிபெயர்த்து எழுதுவதில் குற்றமில்லை. ஆயினும் பொருளைத் தானே உணர்த்தும் சொல் கைவசம் இருக்கையில் மாணவருக்கு அதனை முதலில் கொடுப்பதே நன்று.

தடிமன் பிடித்தவர் மல்லித்தண்ணீர் குடித்தார், சில நாளில் சுகமானார் என்றால், அது மல்லியின் குணமா, தானே மாறும் நோயா என்று எவ்வாறு அறிவது? சுகம் மட்டும் சான்றாகாது. நோய் தன்போக்கில் தணிந்திருக்கலாம். மிக மோசமான நாளில் மருந்தைத் தேடியவர் அடுத்த நாட்களில் எப்படியும் சற்றுத் தேறியிருக்கலாம். எதிர்பார்ப்பும் வேலை செய்திருக்கலாம். இவையெல்லாம் மருந்து பெறுவோர், மருந்துப்போலி பெறுவோர் ஆகிய இரு குழுக்களிலும் சமமாக நிகழ, மருந்துப்பொருள் ஒன்று மட்டும் வேறுபடுமாறு அமைப்பதற்கே மருந்துப்போலி வேண்டப்படுகிறது. யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பதை நோயாளிக்கும் மருத்துவருக்கும் மறைத்து வைப்பதும் அதற்காகவே.

எதிர்பார்ப்பின் வலிமையையும் எல்லையையும் 2011இல் வெளிவந்த ஆஸ்துமா ஆய்வொன்று தெளிவாகக் காட்டியது. மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமோல் மருந்தை நோயாளர் உள்ளிழுத்தபோது, அவர்கள் ஒரு விநாடியில் வெளிவிடும் காற்றின் அளவு சுமார் 20 வீதம் உயர்ந்தது. அதே நோயாளர் மருந்துப்போலி உள்ளிழுத்தபோது உயர்வு சுமார் 7 வீதமே, எதுவும் பெறாத நிலையிலும் ஏறத்தாழ அவ்வளவே. ஆனால் தாம் உணர்ந்த சுகத்தை மருந்தின்போது 50 வீதம் என்றும் மருந்துப்போலியின்போது 45 வீதம் என்றும் அவர்கள் கூறினர். எதுவும் பெறாதபோது அது 21 வீதமே. உணர்வும் அளவீடும் இங்கே பிரிந்து நின்றன. இழுப்புக்காரப் பிள்ளை 'இப்ப சுகம்' என்று சொல்வதை மட்டும் நம்பி மருந்தை நிறுத்துவது ஏன் ஆபத்தானது என்பதை உயர்தர வகுப்பு மாணவர் இவ்வெண்களிலிருந்து தாமாகவே கண்டுகொள்வர்.

கைதடியில் சித்த மருத்துவம் பயில்வோருக்கு இச்சொல் இன்னும் கடினமான வினாவொன்றை வைக்கிறது. குளிசைக்கு மாவினால் ஒத்த உருவம் செய்துவிடலாம். நிலவேம்புக் குடிநீருக்கு மருந்துப்போலி செய்வது எங்ஙனம்? நாவில் வைத்ததும் அதே கசப்புத் தெரியவேண்டும். இல்லையேல் குடித்தவருக்கு உண்மை தெரிந்துவிடும். கசப்புக்காகச் சேர்க்கும் பொருளோ தானே மருந்தாகச் செயற்படாததாக இருக்கவேண்டும். அத்தகைய பொருள் எது, அது செயற்படவில்லை என்பதை முதலில் எவ்வாறு சோதிப்பது என்று கேட்டு, ஒரு பாடவேளை முழுவதையும் மாணவரிடமே விட்டுவிடலாம்.