பெயர் மாறிய செடிகளைத் தேடிப் பிடிப்பது

இராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய்களையும் கடலோரத் தரிசுகளையும் நிறைத்து நிற்கும் சீமைக்கருவேலத்தைத் தாவரப்பெயர்த் தரவுத்தளம் ஒன்றில் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்று தேடினால், பல தளங்கள் அதை நெல்டூமா ஜூலிஃப்ளோரா என்ற பக்கத்துக்குக் கொண்டுசெல்லும். 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு புரோசோபிஸ் என்ற பேரினத்தை, அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதியை, பல துண்டுகளாகப் பிரித்ததே இதற்குக் காரணம். ஒரு பேரினம் பிரியும்போது, அதற்கு அடிப்படை மாதிரியாக விளங்கும் இனம் இருக்கும் துண்டுக்கே பழைய பெயர் சேரும். புரோசோபிஸுக்கு அந்த மாதிரி நம் வன்னி மரம். ஆகவே வன்னி புரோசோபிஸாகவே நீடிக்க, அமெரிக்காவிலிருந்து வந்த சீமைக்கருவேலம் வேறு பெயருக்குப் போயிற்று. அக்கேசியா என்ற பேரினத்திலோ கதை தலைகீழாகிவிட்டது. நாட்டுக்கருவேலமே அதன் மாதிரியாக இருந்தும், 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு அந்த இடத்தை ஓர் ஆஸ்திரேலிய இனத்துக்கு மாற்றிக் கொடுத்தது. அதனால்தான் நாட்டுக்கருவேலமும் மண்டபம் பக்கத்துக் குடைவேலமும் இப்போது வச்செல்லியா என்ற பேரினத்தில் இருக்கின்றன.

தாவரவியல் படிக்காதவரும் இந்த மாற்றங்களைப் பின்தொடர முடியும். ஏனெனில் பெயரே தன் வரலாற்றைச் சுமந்து வருகிறது. முழுப் பெயரை நெல்டூமா ஜூலிஃப்ளோரா (ஸ்வார்ட்ஸ்) ராஃபினெஸ்க் என்று எழுதுவார்கள். முதற்சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் அதிலுள்ள இனத்தையும் குறிக்கும். அடைப்புக்குறிக்குள் இருப்பவர் அந்த இரண்டாம் சொல்லை முதலில் சூட்டியவர். வெளியே இருப்பவர் அதைப் புதிய பேரினத்துக்கு மாற்றியவர். ஸ்வார்ட்ஸ் 1788இல் இம்மரத்தை மிமோசா ஜூலிஃப்ளோரா என்றார்; ராஃபினெஸ்க் 1838இலேயே நெல்டூமாவுக்கு மாற்றிவிட்டார். ஆக, 'புதிய' பெயர் ஏறத்தாழ இருநூறு ஆண்டுப் பழையது. அடைப்புக்குறி இருந்தால் முந்தைய வடிவம் ஒன்று உண்டு என்று கொள்ளலாம். பனைக்கு அது இல்லை; லின்னேயஸ் 1753இல் வைத்த பொராசஸ் ஃபிளாபெலிஃபெர் இன்றும் அப்படியே வழங்குகிறது.

பேரினம் மாறினாலும் இரண்டாம் சொல் பெரும்பாலும் கூடவே வரும் என்பதால் தேடலை அதிலிருந்து தொடங்குவது நல்லது. ஆனால் அதன் ஈறு மாறக்கூடும். தனுஷ்கோடி மணலில் முள்பந்துபோல் உருண்டோடும் இராவணன் மீசையை 1768இல் பர்மன் ஸ்டிப்பா லிட்டோரியா என்றார்; மெரில் 1912இல் அதை ஸ்பினிஃபெக்ஸ் பேரினத்துக்கு மாற்றியபோது, லத்தீன் இலக்கணப்படி பேரினத்தின் பாலுக்கு இசைந்து அச்சொல் லிட்டோரியஸ் ஆயிற்று. எனவே கடைசி எழுத்துகளை விட்டுவிட்டு முற்பகுதியை மட்டும் தட்டித் தேட வேண்டும். இதே புல்லுக்கு லின்னேயஸ் 1771இல் வைத்த ஸ்பினிஃபெக்ஸ் ஸ்குவாரோசஸ் என்ற பெயரே பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களில் காணப்படுகிறது. முந்திய பெயருக்கே உரிமை என்ற விதியின்படி அது இன்று இணைப்பெயர், அதாவது அதே செடிக்கு வைக்கப்பட்டும் ஏற்கப்படாத பெயர், மட்டுமே. இரண்டாம் சொல்லே வேறாக இருப்பதால், ஏற்கப்பட்ட பெயரின் கீழுள்ள இணைப்பெயர்ப் பட்டியலில்தான் அதைக் காண முடியும்.

எங்கே தேடுவது என்பதில் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். பன்னாட்டுத் தாவரப் பெயர் அட்டவணை, ஒரு பெயரை யார், எந்த ஆண்டு, எந்த நூலில் வெளியிட்டார் என்பதைப் பதிவு செய்கிறது; சார்லஸ் டார்வின் அளித்த பணத்தில் இலண்டனின் கியூ தாவரவியல் பூங்காவில் தொடங்கிய கியூ பெயரட்டவணை இதற்குள் அடங்கியுள்ளது. அதில் ஒரு பெயர் இருப்பதால் அது இன்று ஏற்கப்பட்டது என்று பொருளாகாது. எது ஏற்கப்பட்டது, எது இணைப்பெயர் என்பதைக் கியூ பூங்கா 2017இல் தொடங்கிய 'உலகத் தாவரங்கள்' இணையதளம் போன்றவை சொல்கின்றன. முன்னது பதிவு, பின்னது தீர்ப்பு. தீர்ப்பு தளத்துக்குத் தளம் வேறுபடலாம், பின்னால் திருத்தவும்படலாம். தாவரப் பட்டியல் என்ற பழைய தளம் 2013க்குப் பின் புதுப்பிக்கப்படவே இல்லை. அதன் பெயர்களை இன்றும் அப்படியே எடுத்தாளும் கட்டுரைகள் வந்துகொண்டிருப்பது வருத்தத்துக்குரியது. பெயரோடு, பார்த்த தளத்தையும் தேதியையும் குறித்துவைப்பது இதற்காகத்தான்.

மண்டபம், பாம்பன் கரைகளில் பெண்கள் சேகரிக்கும் மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் கியூ தளத்தில் தேடிப் பயனில்லை. பெயரிடும் விதித்தொகுப்பு தாவரங்களுக்கும் பாசிகளுக்கும் ஒன்றே என்றாலும், பாசிகளுக்கு ஆல்காபேஸ் என்ற தனித் தரவுத்தளம் உண்டு. பாக் நீரிணையில் கடற்பசு மேயும் கடற்புற்களோ பூக்கும் தாவரங்கள். அவற்றில் சைமோடோசியா செருலாட்டா 2018இல் ஓசியானா செருலாட்டா ஆன விவரத்தைக் கியூ தளத்திலேயே காணலாம்.

எந்தத் தளமும் எளிதில் தீர்க்காத சிக்கல், ஒரு செடியை வேறொரு செடியின் பெயரால் தவறாகக் குறிப்பிட்டிருப்பது. சீமைக்கருவேலத்தைப் பழைய நூல்கள் சில புரோசோபிஸ் சிலென்சிஸ் என்கின்றன. அது இணைப்பெயரன்று, தென்னமெரிக்காவின் வேறொரு மரத்துக்குரிய பெயர். தரவுத்தளத்தில் தேடினால் அந்த மரத்தின் பக்கமே திறக்கும். அங்கே தரப்பட்டுள்ள தாயகமும் பரவலும் நம் கடற்கரையோடு பொருந்துகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால், கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் போன்ற உலர்தாவரக் காப்பகத்தின் மாதிரியோடு இலையையும் காயையும் ஒப்பிட்டே முடிவுக்கு வர இயலும்.