மெக் முகவரியை மாற்றும் ஸ்கிரிப்ட்: முதல் பைட்டில் கவனிக்க வேண்டியவை

வெள்ளவத்தையில் காலி வீதியோரக் கடையொன்றின் வைஃபையில் மடிக்கணினியை இணைக்கும்போது, கடவுச்சொல் சரிபார்க்கப்படுவதற்கு முன்னரே கணினியின் மெக் முகவரி, அதாவது அதன் வலையமைப்பு அட்டையை அடையாளங்காட்டும் எண், ரவுட்டரைச் சென்றடைந்துவிடுகிறது. 48 பிட் கொண்ட இந்த எண் ரவுட்டரைக் கடந்து இணையத்துக்குள் செல்வதில்லை. ஆனால் அருகிலுள்ள எவரும் படிக்கக்கூடியவாறு, மறைகுறியாக்கப்படாமலே காற்றில் பயணிக்கிறது. அதே எண் பின்னர் கோட்டை ரயில் நிலையத்தில் பதிவானால், அது அதே கணினிதான் என்று ஊகிப்பது கடினமன்று. முகவரியை மாற்ற விரும்புவதற்கு இதுவே நியாயமான காரணம்.

வழக்கமாக முதல் 24 பிட்டுகள், ஐஈஈஈ என்னும் பொறியியலாளர் அமைப்பு உற்பத்தி நிறுவனத்துக்கு ஒதுக்கிய எண்ணாகும். மீதியை அந்நிறுவனமே இட்டு, வலையமைப்பு அட்டையின் நிலையான நினைவகத்தில் எழுதிவிடுகிறது. எனினும் கணினி தொடங்கும்போது இயக்கி மென்பொருள் அதைப் படித்துத் தற்காலிக நினைவகத்தில் ஒரு பிரதியை வைத்துக்கொள்கிறது; வெளியே செல்லும் தரவுப் பொதிகளில் இடம்பெறுவது அந்தப் பிரதியே. முகவரியை மாற்றும் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக இயக்கும் சிறு நிரல், மாற்றுவதும் அதை மட்டுந்தான். ஆகவே கணினியை மீளத் தொடக்கினால் பழைய முகவரி திரும்பிவிடும்.

லினக்ஸ் இயங்குதளத்தில் ரூட் (நிர்வாகி) உரிமையுடன் இயங்கும் ஸ்கிரிப்ட், 'ஐபி லிங்க்' கட்டளையால் வலையமைப்பு இடைமுகத்தை நிறுத்தி, புதிய முகவரியை இட்டு, மீண்டும் இயக்குகிறது. நுணுக்கம் முகவரியை உருவாக்குவதில்தான் இருக்கிறது. முதல் பைட்டின், அதாவது முதல் எட்டு பிட்டுகளின், கடைசி பிட் 1 ஆக இருந்தால் அது பல கணினிகளுக்குரிய குழு முகவரியாகிவிடும். தனியொரு கணினிக்கு அதை இட லினக்ஸ் மறுக்கும். எனவே ஆறு பைட்டுகளையும் எழுமாறாக எடுத்து அப்படியே பயன்படுத்தும் ஸ்கிரிப்ட் ஏறத்தாழப் பாதித் தடவைகளில் தோற்றுப்போகும். அந்தக் கடைசி பிட்டுக்கு இடப்பக்கத்திலுள்ள பிட், முகவரி உற்பத்தியாளர் இட்டதா, பயனர் இட்டதா என்பதைக் காட்டுகிறது. அதை 1 ஆக்குவதே முறை. பிறருக்கு ஒதுக்கப்பட்ட எண்ணோடு மோதாதிருக்க அது உதவும். முதல் பைட்டை 254 உடன் 'அன்ட்' செய்தால் கடைசி பிட் 0 ஆகும்; பின்னர் 2 உடன் 'ஓர்' செய்தால் அதற்கு இடப்பக்கத்து பிட் 1 ஆகும்; இரண்டும் சரியாகிவிடும். எஞ்சிய 46 பிட்டுகளே சுமார் 70 லட்சம் கோடி முகவரிகளுக்கு இடந்தருகின்றன.

ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து கைபேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு முகவரியைத் தாமாகவே பயன்படுத்துகின்றன. மடிக்கணினியிலோ, லினக்ஸில் வலையமைப்பு இணைப்புகளைக் கையாளும் நெட்வொர்க் மனேஜர் என்னும் மென்பொருள் தன் அமைப்பின்படி நாம் இட்டதை மாற்றிவிடக்கூடும். இணைந்த பின்னர் 'ஐபி லிங்க்' நடப்பு முகவரியையும், 'எத்டூல்' என்னும் கட்டளை அட்டையில் எழுதப்பட்ட முகவரியையும் காட்டும்.