டார்ச் அடிச்சா மான் ஏன் ஓடாம நிக்குது?

சாயல்குடிப் பக்கம் ஈசிஆர்ல ராத்திரி பைக் ஓட்டுறவங்களுக்குத் தெரியும், கருவக்காட்டு ஓரத்துல திடீர்னு ரெண்டு காசு மாதிரி பளபளன்னு மின்னும், கிட்டப் போனா புள்ளிமான். ஓடாது, நம்மளையே பாத்துக்கிட்டு நிக்கும். மானைத் திருட்டுத்தனமா சுடுறவன் நம்பியிருக்கிறதும் இதைத்தான்.

இதை வச்சு மானுக்கு அறிவு கம்மின்னு சொல்லுவாங்க, அது ரொம்பத் தப்புங்க. மானோட விழித்திரைக்குப் பின்னாடி கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கு. உள்ள போற வெளிச்சம் விழித்திரையைத் தாண்டி அதுல பட்டு, திரும்பி வரும்போது இன்னொரு தடவை பதியும், அதனாலதான் நமக்கு ஒண்ணுமே தெரியாத இருட்டுலயும் அது முள்ளுக்கு நடுவுல வழி கண்டுபிடிச்சு வருது. நம்ம கண்ணுக்குத் தெரியுற மினுக்கு அந்தப் படலத்துல பட்டுத் திரும்புற நம்ம லைட்டேதான்.

அப்படிப்பட்ட கண்ணுல, அதுவும் இருட்டுல கண் பாப்பா நல்லா விரிஞ்சிருக்கிற நேரத்துல, எல்இடி டார்ச்சை அடிச்சா இருட்டுல பாக்க உதவுற செல்லுல இருக்கிற நிறமி வெளுத்துப் போயிரும், அது திரும்ப ஊற நேரம் ஆகும் (நம்ம கண்ணு இருட்டுக்கு முழுசா பழகவே அரை மணி நேரம் ஆகுது), அதுவரைக்கும் அந்த வெளிச்சத்தைத் தவிர ஒண்ணும் தெரியாது, பள்ளம் எது முள்ளு எதுன்னு தெரியாம எங்க ஓடும்? ஆபத்து எங்க இருக்குன்னு புரியலைன்னா அசையாம நிக்கிறது அதோட பழைய தற்காப்பு. சிறுத்தை கண்ணுக்குத் தப்பிக்க அது உதவும், துப்பாக்கி வச்சிருக்கிறவனுக்கு அது குறிபாக்க வசதி ஆயிருது.

இப்ப ஊருக்கு வெளிய கருவையை வெட்டி, கல்லு ஊன்றி, பிளாட் போட்டுக்கிட்டே வர்றாங்க. காடு துண்டு துண்டாகும்போது மான் கம்மாய்க்கும் ஊரணிக்கும் வர்ற தடம் ஒண்ணு ரெண்டாச் சுருங்கிரும், கோடையில எங்க வரும்னு எவனும் சொல்லிரலாம், டார்ச்சோட காத்திருந்தா போதும். நம்ம நாட்டுல 1972 வனவிலங்குச் சட்டப்படி மான் வேட்டையே குற்றம். லைசென்ஸ் வாங்கி மான் சுடுற அமெரிக்காவுலயே பெரும்பாலான மாநிலங்கள்ல ராத்திரி லைட் அடிச்சு சுடக்கூடாது.

போன கோடையில என் வண்டிக்கு முன்னாடி ஒரு பெட்டை மான் நின்னுச்சு. இன்ஜினையும் லைட்டையும் ஆஃப் பண்ணிட்டேன். கொஞ்ச நேரம் அசையவே இல்ல, காது மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் கண்ணு தெளிஞ்சுருச்சு போல, ரெண்டே தாவுல வேலிக் கல்லைத் தாண்டி கருவைக்குள்ள போயிருச்சு.