ஊஞ்சல் நீளத்துக்கு அமுங்கும் ஸ்பிரிங்

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் தேக்குப் பலகை ஊஞ்சல் உத்தரத்திலிருந்து தொங்கும். சங்கிலி 2.5 மீட்டர் என்றால் ஒருமுறை போய்வரச் சுமார் 3.2 விநாடி ஆகும். ஆச்சி உட்கார்ந்தாலும் பேரன் உட்கார்ந்தாலும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். தாளத்தை முடிவு செய்வது நீளம், எடை அல்ல.

ஒரு கல்லை நூலில் கட்டித் தொங்கவிட்டு, கையை வேகவேகமாகப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கல் அநேகமாக அசையாது. தாளம் எவ்வளவு மெதுவோ, அவ்வளவுக்கு வேகமான நடுக்கம் கீழே இறங்காமல் நின்றுவிடும். மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை, அமைப்பே அதிர்வை அடக்குகிறது.

மேலும் கீழுமான நடுக்கத்துக்கு ஊஞ்சல் உதவாது, ஸ்பிரிங்கோ ரப்பரோ வேண்டும். இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு கணக்கு வருகிறது. எடையை வைத்ததும் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறதோ, அதே நீளமுள்ள ஊஞ்சலின் தாளத்தில்தான் அது ஆடும்!

வெள்ளைப் பணியாரத்துக்கு மாவாட்டும் கிரைண்டரை எடுத்துக்கொள்வோம். மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று, அதாவது விநாடிக்கு 24. கால் ரப்பர் 2.5 மில்லிமீட்டர் அமுங்கினால் அதன் தாளம் விநாடிக்கு 10 ஆட்டம். மோட்டாரின் நடுக்கம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தே தரைக்குப் போகும். ஆனால் விநாடிக்கு ஒன்றிரண்டு என்று வரும் மெதுவான ஆட்டத்தைத் தடுக்க, தாளம் அதைவிடவும் மெதுவாக இருக்க வேண்டும். தாளத்தை விநாடிக்கு ஒன்றாக்கவே ஸ்பிரிங் 25 சென்டிமீட்டர் அமுங்க வேண்டும். ஊஞ்சலின் தாளம் வேண்டுமென்றால் 2.5 மீட்டர்! அதன் மேல் எதை நிறுத்துவது?

அமுக்கம் எடைக்கு நேர்விகிதம் என்ற ஹூக் விதிக்குள் நிற்கும்வரை இதற்கு வழியில்லை. அதை மீறும் அமைப்புகளைத்தான் நேரியலற்றவை என்கிறார்கள். காலி எண்ணெய் டின்னின் அடியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். முதலில் எதிர்க்கும், பிறகு டொக்கென்று உள்வாங்கும். அந்த ஒரு கணத்தில், அழுத்த அழுத்த எதிர்ப்பு குறைகிறது. இந்தக் குணத்தைச் சாதாரண ஸ்பிரிங்கோடு இணைத்தால், ஓரிடத்தில் ஒன்றின் விறைப்பை மற்றது ஈடுகட்டிவிடும். எடை தாங்கப்படும், சிறு நடுக்கத்துக்கோ எதிர்ப்பே இராது. அந்த இடம் குறுகியது என்பதுதான் சிக்கல். எடை மாறினாலோ பெரிய குலுக்கல் வந்தாலோ பலன் போய்விடும்.

இதற்குப் புது உலோகம் தேவையில்லை, வடிவம் போதும். வளைந்த மெல்லிய பட்டைகளை அடுக்கி ரப்பரிலேயே செய்யலாம். எந்த வளைவு, எவ்வளவு தடிமன் என்பதுதான் கணினிக்கான வேலை. 1988-இல் பென்சோ, கிகுச்சி என்ற இரு ஆய்வாளர்கள் தொடங்கிவைத்த வழியில், இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் பொருள் இருக்க வேண்டும், எது வெறுமையாக இருக்க வேண்டும் என்று தேடுகிறார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் மாற்றிப் பார்த்தால் ஆயுள் போதாது. விளைவிலிருந்து பின்னோக்கிச் செய்யும் ஒரே கணக்கில் எல்லாக் கட்டங்களின் பங்கும் தெரிந்துவிடுவது இந்த முறையின் அழகு. டொக்கென்று மடங்கும் இடம் மட்டும் தொல்லை தரும். அங்கே ஒரே விசைக்குப் பல நிலைகள் உண்டு. விசையை மட்டும் படிப்படியாக ஏற்றினால் கணக்கு நின்றுபோகும், அதனால் விசையையும் நகர்வையும் சேர்த்தே பின்தொடர வேண்டும்.

செய்யும்போது பட்டை 10 சதவீதம் தடித்துவிட்டால் வளைவு விறைப்பு 33 சதவீதம் ஏறும், ஏனெனில் அது தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. ஆகவே சரியான தடிமன், சற்று மெலிந்தது, சற்று தடித்தது என மூன்று வடிவங்களையும் ஒருசேரக் கணக்கிட்டு, மூன்றுமே வேலை செய்யும் வடிவத்தைத்தான் தயாரிப்புக்கு அனுப்புகிறார்கள்.